எத்தனை நாள் மௌனம்? குரல்நாண் அறுவைக்குப் பின் ஓய்வும் மீட்சியும்

குரல்நாணில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்து கண் விழிப்பவருக்கு டாக்டர் முதலில் சொல்வது, "பேசாதீர்கள்" என்பதுதான். எத்தனை நாளைக்கு என்று அவர் தாளில் எழுதிக் கேட்டால், பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். மூன்று நாள் என்பார் ஒருவர். ஒரு வாரம் என்பார்கள் பலர். இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். பேசலாம், கத்தாமல் இருந்தால் போதும் என்று அனுப்பிவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் கணக்கே உண்டு. அலிசன் பெர்மனும் லூசியன் சுலிக்காவும் அமெரிக்காவின் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, 1,200-க்கும் மேற்பட்டோரின் பதில்களைத் தொகுத்து 2003-ல் வெளியிட்டார்கள். அதிகம் பேர் எழுதிய எண் ஏழு நாள். ஆனால் பதில்கள் பூஜ்யத்தில் தொடங்கிப் பதினான்கு வரை பரவிக் கிடந்தன. முழு மௌனமா, அளவோடு பேசுவதா என்பதிலும் அவர்கள் ஒன்றுபடவில்லை. அறுவையைப் பொறுத்தவரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே பாடத்தைப் படித்தவர்கள். அறுவை முடிந்த மறுநாளிலிருந்து ஆளுக்கொரு நாள்காட்டி.

கேள்வியின் எல்லையை முதலில் குறித்துக்கொள்வது நல்லது. இங்கே பேசப்படுவது குரல்நாணின் மேற்பரப்பில் வரும் முடிச்சு, பாலிப், நீர்க்கட்டி போன்ற, பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத வளர்ச்சிகளுக்கான அறுவை. கழுத்தில் அடிபட்டுக் குரல் மாறுவது வேறு கதை. 1967 ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தபின் மாறிப்போன குரலோடு எம்.ஜி.ஆர். 'காவல்காரன்' படத்துக்குத் தானே வசனம் பேசியது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே சிக்கல் சவ்வு ஆறுவது பற்றியதல்ல; இருக்கிற குரலை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்பது.

ஓய்வே மருந்தாக இருந்த காலம்

உயிருள்ள மனிதனின் குரல்நாண் அசைவதை முறையாகப் பார்த்து எழுதிவைத்தவர் டாக்டர் அல்ல, பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா 1854-ல் சிறு கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் செலுத்தி, சூரிய ஒளியைத் திருப்பிவிட்டுத் தன் குரல்வளையைத் தானே பார்த்தார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை தந்தார். ஏழே ஆண்டில், 1861-ல், ஜெர்மனியின் டூபிங்கனில் விக்டர் ஃபான் புருன்ஸ் அந்தக் கண்ணாடியின் துணையோடு தன் சொந்தத் தம்பியின் குரல்வளையிலிருந்து பாலிப்பை எடுத்தார். மயக்க மருந்து கிடையாது. நோயாளி விழித்தபடி உட்கார்ந்திருக்க, கத்தி வாய்வழியே போனது.

அறுவை பிறந்த அந்தக் காலத்தில்தான் ஓய்வு பற்றிய கோட்பாடும் வலுப்பெற்றது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1863-ல் வெளியிட்ட விரிவுரைகள், வலியைக் காயத்தின் எச்சரிக்கையாகவும் ஓய்வை இயற்கையின் சிகிச்சையாகவும் முன்வைத்தன. முறிந்த எலும்புக்குக் கட்டு, வீங்கிய மூட்டுக்குப் படுக்கை என்று இருந்தபோது, புண்பட்ட குரல்நாணுக்கு மௌனம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த மௌனத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது காசநோய். நோய் குரல்வளைக்கு இறங்கிவிட்டால், சானடோரியங்களில் மாதக்கணக்கில் பேச்சை நிறுத்திவைப்பார்கள். இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் பத்தாண்டுகள் பார்த்த நோயாளிகளைப் பற்றி 1924-ல் அறிக்கை எழுதிய செயின்ட் கிளேர் தாம்சன், மௌன சிகிச்சையை அழுத்தமாக ஆதரித்தவர்களில் ஒருவர். அதே 1924-ல், வியன்னாவுக்கு அருகே கியர்லிங்கில், குரல்வளைக் காசநோயோடு கிடந்த ஃபிரான்ஸ் காஃப்காவையும் பேச வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். உடன் இருந்தவர்களிடம் அவர் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் காட்டினார். அவற்றில் சில இன்றும் மிஞ்சியிருக்கின்றன. ஜூன் 3-ஆம் தேதி அவர் இறந்தார். மௌனம் அவருக்கு வலியைச் சற்றுக் குறைத்திருக்கலாம். நோயை ஒன்றும் செய்யவில்லை.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின. நோய் போனது, பழக்கம் போகவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. நுண்ணோக்கி வழிக் குரல் அறுவை பரவிய பின்னும் "பேசாதே" என்ற கட்டளை அப்படியே தொடர்ந்தது. இன்ன சோதனையின் முடிவால்தான் ஏழு நாள் என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஒரு தலைமுறை டாக்டர்கள் தங்கள் ஆசிரியர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட எண் அது.

மௌனத்தின் பக்கம் உள்ள நியாயம்

வழக்கம் என்பதாலேயே ஒன்று தவறாகிவிடாது. மௌனத்தை ஆதரிப்பவர்களின் வாதம் 1970-களில்தான் உடற்கூறியல் பலம் பெற்றது.

ஜெர்மனியின் ஆஸ்கார் கிளைன்சாசர் 1960-களில் நுண்ணோக்கியைக் குரல்வளைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மினோரு ஹிரானோ 1974-ல், குரல்நாண் ஒரே தசைநார் அல்ல, அடுக்கடுக்கானது என்று காட்டினார். அடியில் தசை. மேலே மெல்லிய தோல் போன்ற படலம். இரண்டுக்கும் நடுவே கூழ் போலத் தளர்ந்த ஒரு அடுக்கு. மூச்சுக்காற்று பட்டதும் அலையலையாக ஆடி ஓசை எழுப்புவது இந்த மேல் அடுக்குகள்தான். அறுவையில் அந்தக் கூழ் அடுக்கு கிழிபட்டுத் தழும்பாகிவிட்டால் அலை அங்கே நின்றுபோகும். குரல் கரகரக்கும், காற்று கசியும். அடியில் உள்ள தசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. இன்றைய அறுவையின் நுட்பமெல்லாம் அந்த அடுக்கைத் தொடாமல் கட்டியை மட்டும் எடுப்பதில்தான் இருக்கிறது.

இனி எண்களைப் பார்த்தால் அச்சம் புரியும். சாதாரணமாகப் பேசும் பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆணுக்கு நூற்றுக்குச் சற்று மேல். இடைவிடாத ஒலி ஒரு மணி நேரம் என்றால் பெண்ணின் குரலில் ஏழு லட்சத்து இருபதாயிரம் மோதல்கள். தையல் போட முடியாத, கட்டுப் போட முடியாத ஒரு புண்ணின் மீது விழும் அடிகள் அவை.

புண் ஆறும் வரிசையும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. முதல் சில நாட்கள் அழற்சி. அதனூடே மேற்படலம் மீண்டும் மூடிக்கொள்ளும். அதன்பின் மாதக்கணக்கில் உள்ளே தழும்பு ஒழுங்குபடும். படலம் மூடும் வரையாவது மோதலைத் தவிர்ப்போம் என்பது எளிய தர்க்கம். தென்கொரிய ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட நாய்ச் சோதனை இதற்கு நேரடிச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. அறுவைக்குப் பின் குரல் எழுப்பாத நாய்களில், படலத்தை அடித்திசுவோடு பிணைக்கும் பகுதி செம்மையாக ஆறியிருந்தது. இரண்டு வார மௌனம் உகந்தது என்று அவர்கள் கருதினார்கள்.

பலவீனங்கள் வெளிப்படையானவை. நாய் குரைப்பதும் மனிதர் மெல்லப் பேசுவதும் ஒன்றல்ல. நுண்ணோக்கியில் திசு அழகாகத் தெரிவதும் குரல் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், முழு ஓய்வு என்பதே உடலில் கிடையாது. ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. இருமல், தும்மல், தூக்கத்தில் ஒரு முனகல் எதையும் டாக்டர் சீட்டு நிறுத்திவிட முடியாது.

அசைவின் தரப்பு

எதிர்த்தரப்பு குரல்வளையிலிருந்து வந்ததல்ல. இதயத்திலிருந்தும் முழங்காலிலிருந்தும் வந்தது. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்த காலத்தில், 1952-ல், சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. 1970-களில் டொரண்டோவின் ராபர்ட் சால்டர், முயல்களின் மூட்டுகளை இடைவிடாமல் மெதுவாக அசைத்தால், கட்டுப்போட்டு வைத்ததைவிடக் குருத்தெலும்பு நன்றாக வளர்வதைக் கண்டார். அறுபட்ட விரல் நார்களைத் தைத்த சில நாட்களிலேயே அசைக்கத் தொடங்கினார்கள் கை அறுவை மருத்துவர்கள். ஹில்டன் காலத்து ஓய்வு ஒவ்வோர் உறுப்பாகப் பின்வாங்கியது.

குரல்நாண் மட்டும் விலக்கா என்று கேட்டவர்களுக்கு ஆய்வுக்கூடம் கொஞ்சம் கைகொடுத்தது. முயலின் குரல்நாண் செல்களை வளர்த்து, அழற்சியைத் தூண்டிவிட்டு, மென்மையாக இழுத்து இழுத்து விட்டபோது அழற்சிக் குறிகள் தணிந்தன என்று ரயன் பிரான்ஸ்கியின் குழு காட்டியது. பின்னர் 2012-ல் கேத்ரின் வெர்டோலினி அபட் குழு, ஆரோக்கியமானவர்களை உரக்கப் பேசவைத்துக் குரலைக் களைப்பாக்கி, ஒரு பகுதியினரை மௌனமாகவும் ஒரு பகுதியினரை இயல்பாகப் பேசவும் விட்டது. மூன்றாம் பகுதியினருக்கு முகத்தின் முன்பகுதியில் அதிர்வை உணரும்படியான மென்மையான குரல் பயிற்சி. மறுநாள் குரல்வளைச் சுரப்பை எடுத்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களிடம்தான் அழற்சி குறைவாக இருந்தது. மௌனமாக இருந்தவர்களைவிடவும் குறைவு.

பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது; ஆனால் அளவுக்கு மீறிய பாரம் அதன் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. பங்கேற்றவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. யாருக்கும் அறுவை நடக்கவில்லை. களைத்த குரல்நாணுக்குப் பொருந்துவது வெட்டுப்பட்ட குரல்நாணுக்கும் பொருந்தும் என்பது ஊகம்தான். முழங்கால் உவமையும் அப்படியே. எந்த முழங்காலும் நொடிக்கு 200 முறை மடங்குவதில்லை.

மனிதர்களிடம் நடந்த மூன்று சோதனைகள்

இரு தரப்பும் உவமைகளால் மோதிக்கொண்டிருந்த இடத்தில், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்கும் சோதனைகள் வந்தன. மூன்று முக்கியமானவை.

பெல்ஜியத்தில் மார்க் ரெமாக்கிள் குழுவினர் 2015-ல் வெளியிட்ட சோதனை ஐந்து நாள் மௌனத்தையும் பத்து நாள் மௌனத்தையும் ஒப்பிட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முதல்கட்ட முடிவு என்றே அவர்களும் அதை அழைத்தார்கள்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் 2017 சோதனைதான் உண்மையில் விவாதத்தைத் திருப்பியது. மாமி கனேக்கோ குழுவினர் ஒரு பிரிவுக்கு மூன்று நாள், மறு பிரிவுக்கு ஏழு நாள் மௌனம் என்று பிரித்தார்கள். மௌனம் முடிந்ததும் இரு பிரிவுக்கும் குரல் பயிற்சி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, மூன்று நாளே மௌனம் காத்தவர்களின் சவ்வலை, அதாவது குரல்நாணின் மேல் அடுக்குகளில் எழும் அலை, நன்றாக ஆடியது. காதுக்கும் அவர்கள் குரல் மேலாக ஒலித்தது. ஓய்வு குறைந்தவர்களுக்கு நிலைமை மோசமாகவில்லை என்பது மட்டுமல்ல, மேம்பட்டிருந்தது என்பதுதான் புதிது. மூன்றாம் நாளிலிருந்து கிடைத்த மிதமான அதிர்வே தழும்பை நல்லபடி ஒழுங்குபடுத்தியிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.

மூன்றாவது சோதனை கனடாவிலிருந்து, 2020-ல். இவர்கள் இன்னும் துணிந்தவர்கள். லேசர் அறுவைக்குப் பின் ஒரு பிரிவுக்கு முழு மௌனம். மறு பிரிவுக்கு மௌனமே இல்லை. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இதிலும் வெளிப்படவில்லை.

மூன்றையும் அடுக்கிப் பார்க்கும்போது நீண்ட மௌனத்தின் பக்கம் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஒவ்வொன்றிலும் பங்கேற்றவர்கள் சுமார் முப்பது பேர். இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்குப் பதினைந்து. இவ்வளவு சிறிய கூட்டத்தில் வேறுபாடு தெரியவில்லை என்றால், வேறுபாடு இல்லை என்று பொருளல்ல, இருந்தாலும் பிடிபட்டிருக்காது. கியோட்டோ சோதனையில் பாலிப், நீர்க்கட்டி, வெண்படலம், தொடக்கநிலைப் புற்று எல்லாம் ஒரே கணக்கில் இருந்தன. நீர்க்கட்டிக்குத் தோண்டும் ஆழமும் பாலிப்புக்கு வெட்டும் ஆழமும் வேறு. தவிர, தான் எத்தனை நாள் பேசாமல் இருந்தோம் என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. மாத்திரைச் சோதனையில் போலி மாத்திரை கொடுக்கலாம், போலி மௌனம் கொடுக்க முடியாது.

கட்டளையும் நடப்பும்

எல்லாக் கணக்கையும் குழப்பும் இன்னொன்று உண்டு. மௌனம் சொல்லப்பட்டவர்கள் உண்மையில் பேசாமல் இருக்கிறார்களா? பெர்னார்ட் ருசோ குழுவினர் 2011-ல் நோயாளிகளையே கேட்டபோது, சொன்னபடி இருந்ததாக ஒப்புக்கொண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். இது அவர்களே சொன்ன கணக்கு. உண்மை இதைவிடவும் குறைவாக இருக்கலாம். கழுத்தில் ஒட்டி அதிர்வை அளக்கும் சிறு கருவிகள் பின்னர் வந்தன. மௌன காலத்திலும் எவ்வளவு குரல் செலவாகிறது என்பதை இனி நோயாளியின் வாய்மொழியை நம்பாமல் அளக்கலாம். ஆனால் ஏழு நாள், பத்து நாள் என்று ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் டாக்டர் எழுதிக்கொடுத்த நாட்களைத்தான் ஒப்பிட்டன, நோயாளி காத்த நாட்களை அல்ல.

காப்பது எளிதும் அல்ல. மௌன காலத்தில் தனிமை, எரிச்சல், வருமான இழப்பு பற்றி நோயாளிகள் முறையிடுகிறார்கள். குரலை வைத்துப் பிழைக்கும் ஆசிரியர், நடத்துநர், சந்தையில் கூவி விற்பவர் போன்றவர்களுக்குத்தான் இந்தக் கட்டிகள் அதிகம் வருகின்றன. அவர்களுக்குப் பதினான்கு நாள் என்பது அரை மாதச் சம்பளம். மூன்றா ஏழா என்ற விவாதத்தை மருத்துவ நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான்.

ரகசியம் பேசுவதுபோலக் கிசுகிசுக்கலாமா என்ற துணைக் கேள்வி ஒன்று தொடர்ந்து வரும். கிசுகிசுப்பது உரக்கப் பேசுவதைவிடக் கெடுதல் என்பது நெடுநாள் எச்சரிக்கை. ஆடம் ரூபின், ராபர்ட் சாட்டலாஃப் உள்ளிட்டோர் 2006-ல் நூறு நோயாளிகளின் தொண்டையை நேரில் பார்த்தார்கள். 69 பேருக்குக் கிசுகிசுக்கும்போது குரல்நாணுக்கு மேலுள்ள பகுதி கூடுதலாக இறுகியது. 18 பேருக்கு மாற்றமில்லை. 13 பேருக்கு இறுக்கம் குறைந்தது. ஆக, எச்சரிக்கை பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது, எல்லோருக்கும் அல்ல. இறுக்கம் என்பதே புண்ணுக்குக் காயம் என்றும் அந்த ஆய்வு நிறுவவில்லை.

பாடகர்கள் சாட்சி ஆவார்களா

பொதுமக்கள் இந்தக் கேள்வியை அறிவது புகழ்பெற்ற பாடகர்கள் வழியாகத்தான். 2011 நவம்பரில் பாஸ்டனில் ஸ்டீவன் ஸைட்டல்ஸிடம் அறுவை செய்துகொண்ட அடெல், மௌனம் காத்து, 2012 பிப்ரவரி 12 அன்று கிராமி மேடையில் பாடினார். அன்று ஆறு விருதுகள். டெனர் ரோலாண்டோ வில்யஸோன் 2009-ல் நீர்க்கட்டியை எடுத்துக்கொண்டு மறு ஆண்டு ஆபெரா மேடைக்குத் திரும்பினார். சொப்ரானோ நட்டாலி தெஸ்ஸே 2002, 2004 என இருமுறை அறுவைக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் பாடினார். மறுபக்கம் ஜூலி ஆண்ட்ரூஸ்: 1997-ல் நியூயார்க்கில் நடந்த அறுவைக்குப் பின் அவருடைய பாட்டுக்குரல் திரும்பவேயில்லை. வழக்குத் தொடுத்தார், 2000-ல் சமரசமாயிற்று.

இவற்றிலிருந்து ஓய்வைப் பற்றி என்ன தெரிகிறது? கறாராகச் சொன்னால், அதிகம் இல்லை. கட்டி வேறு, வெட்டிய ஆழம் வேறு, பாடும் முறை வேறு. அடெலே 2017 ஜூலையில் குரல்நாண் பாதிப்பால் வெம்ப்ளியின் கடைசி இரண்டு நிகழ்ச்சிகளை ரத்து செய்தார். ஒரு மேடையின் வெற்றியை நிரந்தர ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். திரும்பி வந்தவர்கள் மேடை ஏற எடுத்துக்கொண்ட காலம் மாதங்கள். மௌனம் அதில் சிறு பகுதி. எஞ்சிய காலமெல்லாம் பயிற்சி.

முதல் ஒலி

இந்தக் கட்டத்தைத்தான் நாள் கணக்கு விவாதம் மறைத்துவிடுகிறது. மௌனம் முடியும் காலையில் நோயாளி எழுப்பும் முதல் ஒலி எது? எத்தனை நிமிடம்? யார் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள்?

இன்று பேச்சு சிகிச்சையாளர்கள் பலரும் கொடுப்பது, வாயைப் பாதி அடைத்தபடி எழுப்பும் ஒலிகள்: உதடு மூடி 'ம்' என்று ரீங்கரிப்பது, உதட்டைப் படபடக்க விடுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியே ஊதியபடி ஓசை எழுப்புவது. இதன் இயற்பியலை இங்கோ டிட்ஸே 2006-ல் விரித்து எழுதினார். வாய் அடைபடும்போது காற்றின் அழுத்தம் திரும்பி வந்து குரல்நாண்களைச் சற்றே விலக்கி வைக்கிறது; மோதல் மென்மையாகிறது, அதிர்வு மட்டும் நடக்கிறது. மௌனத் தரப்பு அஞ்சும் அடியைக் குறைத்து, அசைவுத் தரப்பு விரும்பும் ஆட்டத்தைத் தருகிற வழி என்பதால் இரு தரப்புக்கும் இது ஏற்புடையதாக இருக்கிறது. சில நிமிடங்களில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, இடையிடையே தண்ணீர் குடித்து, சில வாரங்களில் இயல்பான பேச்சு. பாட்டும் மேடையும் அதற்கும் பிறகு.

முடிச்சு உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டியது. முடிச்சு பெரும்பாலும் பேசும் பழக்கத்தால் வருவது. பழக்கம் மாறாவிட்டால் வெட்டிய இடத்திலேயே மீண்டும் வளரும். அப்படிப்பட்டவருக்கு ஏழு நாள் மௌனத்துக்குப் பின் பழைய கத்தல் திரும்பினால், அந்த ஏழு நாளின் பயன் என்ன என்று கேட்பது நியாயமே.

எவை தீரவில்லை

இப்போதைய சான்றுகளை வைத்து இவ்வளவு சொல்லலாம். முதல் மூன்று நாள் மௌனத்தைக் கைவிடக் காரணம் போதவில்லை. கனேடியச் சோதனை ஒன்று மட்டும் அதற்குத் துணிவு தராது. ஒரு வாரத்துக்கு மேல் முழு மௌனம் என்பதை எல்லோருக்கும் விதிப்பதற்கும் ஆதாரம் தெரியவில்லை. நடுவில் உள்ள நான்கு நாட்கள்தான் உண்மையான சர்ச்சைக்களம். அங்கே கியோட்டோ முடிவின் பக்கம் சாய்வது நியாயமாகப் படுகிறது, அங்கே கிடைத்தது போன்ற பயிற்சி கிடைக்குமானால். பேச்சு சிகிச்சையாளரே இல்லாத ஊரில் மூன்றாம் நாளே பேசச் சொல்லி அனுப்புவது அந்தச் சோதனையின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதாகும். அந்த நோயாளிக்கு நாலைந்து நாள் கூடுதல் மௌனமே பாதுகாப்பாக இருக்கக்கூடும்.

தீராதவை நிறைய. நீர்க்கட்டிக்கும் பாலிப்புக்கும் ஒரே அளவு ஓய்வா என்பதைத் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாடகருக்கும் பாடாதவருக்கும் ஒரே அளவுகோல் போதுமா என்பதும் அப்படியே. பேசும்போது தெரியாத தழும்பு மேல்ஸ்தாயியில் தெரியும். "அளவோடு பேசு" என்றால் நாளுக்கு ஐந்து நிமிடமா ஐம்பது நிமிடமா என்பதற்கே பொது வரையறை இல்லை. ஒரு ஆய்வு நோயாளி நிரப்பும் கேள்வித்தாளை வைத்து வெற்றியை அளக்கிறது, இன்னொன்று ஒலிப்பதிவின் அதிர்வெண் பிசகை, மற்றொன்று சவ்வலையின் வீச்சை. மூன்றும் ஒரே நோயாளியிடம் மூன்று விதமாகப் பேசக்கூடியவை என்பதால், சிறு சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய விடை காண முயல்பவர்கள் தொடக்கத்திலேயே முட்டி நிற்கிறார்கள். கழுத்துக் கருவியால் மௌனத்தை நேரடியாக அளந்து, ஒரே வகைக் கட்டியுள்ள சில நூறு பேரை ஓராண்டு தொடர்ந்து பார்க்கும் சோதனைதான் அடுத்த படி. அதற்கான கருவியும் முறையும் இப்போதே கைவசம் இருக்கின்றன.